பாலத்தில் ஒட்டிய கண்ணாடி

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கம், எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கால்வாயின் மேல் ஒரு பழைய காங்கிரீட் பாலம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே அதுதான் வழி. திருவிழா ரதம் போக வேறு பாதை கிடையாது. சுமத்ராவில் நிலம் நடுங்கினால் கடல் தாண்டி இங்கேயும் விளக்கு ஆடுகிறது. பாலம் தாங்குமா, இடித்துவிடலாமா என்று பார்த்துவர அரசாங்கத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண்ணை அனுப்பினார்கள்.

கோயில் தலைவரான என் அண்ணன் அவள் வருவதற்கு முதல் நாளே விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டார். வீட்டுக்கு ஆள் வந்தால் சுவருக்கு வெள்ளையடிப்போமே, அப்படி.

அந்தப் பெண் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"என்னண்ணே, நோயாளிக்குப் பவுடர் பூசி டாக்டர்கிட்ட காட்டுறீங்க?"

"நல்லாத்தானே இருக்கு லா, தங்கச்சி."

"விரிசல் தெரியாம நான் எப்படி நல்லாருக்குன்னு எழுதுறது? இடிக்கத்தான் எழுதணும்."

அன்று பொழுது சாயும்வரை நாங்களே உளி பிடித்துச் சுரண்டினோம். விரிசலுக்குள் கிளிஞ்சல்கள் மின்னின. யாரோ கடற்கரை மணலைக் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஐம்பது வருடம் கடலின் மேல் நடந்துபோயிருக்கிறேன், தெரியாமல்.

பெரிய விரிசலின் குறுக்கே அவள் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினாள். "திருவிழா வரைக்கும் இது உடையலன்னா விரிசல் வளரலன்னு அர்த்தம். தூணைப் பலப்படுத்திக் காப்பாத்திடலாம். உடஞ்சா, இடிக்கத்தான்."

அதன்பின் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஒருமுறை, வேலை விட்டதும் ஒருமுறை, பாலத்தடியில் குனிந்து நிற்பேன். பக்கத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போது கண்ணாடிக்கு என்ன தோன்றும்? மழையில் விரிசல் ஊறிப் பெரிதாகுமா?

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், மத்தியானம், குவளைத் தண்ணீர் வளையம் வளையமாக நெளிந்தது. மறுபடி சுமத்ரா. நானும் அண்ணனும் சோற்றுக் கையோடு பாலத்துக்கு ஓடினோம்.

கண்ணாடி முழுதாக இருந்தது. அதன் நடுவில் சந்தனம், குங்குமம். புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவார்களா எங்கள் ஆட்கள்?

படம் எடுத்து இன்ஜினியர் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள், ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நிலநடுக்கத்துக்கே உடையலையே, இனி திருவிழா வரைக்கும் காத்திருக்க வேணாம். பாலத்தை வச்சுக்கலாம்னு எழுதிடுறேன்ணே. ரதத்துல ஆள் ஏத்தாம மெதுவா இழுங்க. பொட்டை மட்டும் ஓரமா வைக்கச் சொல்லுங்க, விரிசலை மறைக்குது."

அண்ணன் வேட்டி நுனியை நனைத்துப் பொட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"நான்தான் வச்சேன்," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாத லா."