டில்லிபாபுவின் முடிச்சு

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் டில்லிபாபு அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. இரண்டு வருடங்களாக அந்த ஞாயிறுகளை அவர் திருத்தணிக்கு அப்பால் உள்ள காட்டுக் கரட்டில் கழிக்கிறார். விறகுக்காரர்கள் ஒரு காலத்தில் நடந்த ஒற்றையடித் தடம் அங்கே முள் மூடிக் கிடந்தது. அதில் மலை சைக்கிள் ஓட்டலாம் என்று முதலில் நினைத்தவர் அவர்தான். ஓட்டிப் பார்ப்பார், விழுவார், விழுந்த இடத்தில் கல்லைப் புரட்டிச் சரிசெய்வார்.

"ஊருல எல்லாரும் மலைக்கு சாமி கும்புடப் போறாங்க. இவரு விழுறதுக்குனே போறாரு" என்பார் அவர் மனைவி ஹேமாவதி. சொல்லிக்கொண்டேதான் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போடுவார்.

தடத்துக்கு வனத்துறை இந்த வருடம் ஆறு மாத அனுமதி கொடுத்தது. மரம் வெட்டக் கூடாது, பாறையில் பெயின்ட் அடிக்கக் கூடாது, யாரும் தடம் மாறிக் காட்டுக்குள் போகக் கூடாது. வனக்காவலர் பாலசுப்பிரமணியன் கடைசி நிபந்தனையை இரண்டு முறை சொன்னார். "ஒரே ஒரு ஆள் வழி தவறினாலும் மூடிடுவேன் டில்லி. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

பெயின்ட் கூடாது என்பதால் அண்ணன் தறியில் கழிந்த லுங்கிக் கரைகளை எடுத்துவந்தார். வழி பிரியும் இடங்களில், போக வேண்டிய பக்கத்து மரத்தில் ஒரு துண்டு கட்டினார். மிஞ்சியவற்றை ஒவ்வொரு முறையும் தூக்கிவர வேண்டாமென்று, அடிவாரத்து வேப்பமரத்தில் ஒரு கட்டாகத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு தறியில் வேலை நெருக்கி, இரண்டு ஞாயிறுகள் அவரால் வர முடியவில்லை. இடையில் ஆடிக் கிருத்திகை வந்துபோனது.

அடுத்த ஞாயிறு காலை எட்டுப் பேர் சைக்கிளோடு வந்தோம். ஆறு பேர் சென்னைக்காரர்கள்; மற்ற இருவர் அண்ணனும் நானும். உச்சியிலிருந்து இறங்கும்போது, துணியைப் பார்க்காமலேயே வழி தெரிந்த அண்ணன் முன்னால் போனார், நான் கடைசியில் போனேன். பாதி மலையில் என் சைக்கிள் சங்கிலி கழன்றது. கூப்பிட்டு நிறுத்தச் சங்கடப்பட்டு நானே மாட்டினேன். நிமிர்ந்தபோது முன்னால் யாரும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்க மரங்களிலும் லுங்கிக் கரை. இடப்பக்கம் பத்துப் பன்னிரண்டு துண்டுகள், வலப்பக்கம் ஒன்றே ஒன்று. அதிகம் இருந்த பக்கம் இறங்கினேன். ஒரு வளைவுக்குப் பின் தடமே இல்லை. கைவிட்ட கல்குவாரியின் விளிம்பு; வெகு ஆழத்தில் பச்சைத் தண்ணீர். பிரேக் பிடித்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிரிவுக்குத் திரும்பிவந்து போன் செய்தேன்.

"அண்ணா, தீபா பேசறேன். வழி தப்பிட்டேன். ரெண்டு பக்கமும் துணி கட்டியிருக்கு."

"ரெண்டு பக்கமுமா? நான் ஒரு பக்கந்தானேம்மா கட்னேன். ஐயையோ, கிருத்திகை! ஆந்திரா பக்கத்துலேர்ந்து காவடி எடுத்துகினு இப்படித்தான் குறுக்கால வருவாங்க. வேப்பமரத்துல துணிக் கட்டைப் பார்த்துட்டு, வேண்டிக்கினு கட்டறதுக்கு வெச்சிருக்குன்னு நெனைச்சுட்டாங்க போல."

"எல்லாம் ஒரே துணியா இருக்கே அண்ணா."

"துணிய வுடு, முடிச்சைப் பாரு. வேண்டுதல்னா மூணு முடிச்சு, மேல மேல, உருண்டையா இருக்கும். என்னுது நூல் அறுந்தா தறியில போடற முடிச்சு. ஒண்ணுதான். சப்பையா இருக்கும், தடவினா நெருடாது. அது இருக்கற பக்கம் மெதுவா வா. நானும் மேல வந்துகினே இருக்கேன்."

வலப்பக்கத்து ஒற்றைத் துண்டைத் தடவினேன். நெருடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பிரிவிலும் இறங்கி, மரத்தைத் தொட்டுப் பார்த்துப் போனேன். நான்காவது மரத்தடியில் அவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடிவாரத்தில் வனக்காவலர் நின்றிருந்தார். "ஏன் லேட்டு?"

சங்கிலி கழன்றது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். அண்ணன் முந்திக்கொண்டார். "என் தப்பு சார். மிச்சத் துணிய வேப்பமரத்துல வுட்டுட்டுப் போயிட்டேன். சனங்க வேண்டுதல்னு கண்ட மரத்துல கட்டிட்டாங்க. இந்தப் பொண்ணு குவாரி வரைக்கும் போயிட்டு வந்துட்டுது. மூடறதுன்னா மூடிடுங்க."

வனக்காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "எந்த வேப்பமரம்? அந்த வளைவுல இருக்குதே, அதுவா?"

"ஆங், அதான்."

"மகளுக்கு வரன் அமையணும்னு நானும் அதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக் கட்டுனேன்யா." சென்னைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். பிறகு சொன்னார்: "குவாரிப் பக்கத்தை அடைச்சுக் காட்டு. அதுவரைக்கும் ஒரு சைக்கிள் ஏறக் கூடாது. கட்டினதை மட்டும் எதையும் அவுத்துடாதே."

"சாமிக்கு வேண்டினதை நான் ஏன் சார் அவுக்கறேன்?"

அடுத்த ஞாயிறு கல் அடுக்க நானும் போனேன். ஹேமாவதி அக்கா புளிச்சோறு கொண்டுவந்திருந்தார். குவாரிப் பக்கத்தை இடுப்பு உயரத்துக்கு அடைத்தோம். வேலை முடிந்ததும் வலப்பக்க மரத்தில், அவருடைய துண்டுக்குக் கீழே, நானும் ஒரு துண்டு கட்டினேன். வேண்டிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. நன்றி சொல்லத்தான் இருந்தது; அதை வாயால் சொல்ல வரவில்லை.

அண்ணன் வந்து என் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "நெருடுதே தீபா" என்று அவிழ்த்து, துண்டை என் கையிலேயே கொடுத்தார். மூன்றாவது தடவை முடிச்சு சரியாக விழுந்தது.