நாகலாபுரம் மலையில் பெண் பார்த்தோம்

இந்த வாரம் நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாறையின் மேல் கொஞ்சம் வேகமாக உட்கார்ந்துவிட்டேன். 'உட்கார்ந்தேன்' என்பது மரியாதைக்காகச் சொல்வது. விழுந்தேன்.

எங்கே விழுந்தாய் என்கிறீர்களா? பெண் பார்க்கப் போன இடத்தில்.

என் அக்கா விமலாவும் நானும் திருநின்றவூரில் ஒரே அபார்ட்மென்ட். அவள் முதல் மாடி, நான் இரண்டாவது. அவள் மகன் பிரகாஷ் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். தங்கமான பையன். நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் இல்லை. ஆனாலும் வரன் அமையவில்லை. ஷிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பெண் வீட்டார் முகம் மாறிவிடும். "அப்போ ராத்திரில ஊட்ல இருக்க மாட்டாரா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், அதோடு போன் வராது.

ஆரம்பத்தில், "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிரகாஷ், இப்போதெல்லாம் அதைக் கேட்பதையே விட்டுவிட்டான். "சாப்பாடு இன்னா?" என்று மட்டும் கேட்பான். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மேட்ரிமோனி புரொஃபைலில் 'ஹாபி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே... அதைக் கண்டுபிடித்தவரைக் கொஞ்சம் சந்திக்க வேண்டும். லீவு கிடைத்தால் தூங்குகிற ஒருவன் அதில் என்ன எழுதுவான்? தூக்கம் என்றா? அக்கா யோசித்தாள். எதிர் பிளாக் பையன் 'ட்ரெக்கிங்' என்று போட்டிருந்தான், சட்டென்று கல்யாணம் ஆகிவிட்டது. அக்காவும் பிரகாஷ் புரொஃபைலில் ட்ரெக்கிங் என்று போட்டுவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை.

செவ்வாப்பேட்டையிலிருந்து ஒரு போன் வந்தது. பெண்ணின் அப்பா முனுசாமி.

"எம்மா, எம்பொண்ணு எழிலரசி ஸ்கூல்ல ஜாக்ரஃபி டீச்சரு. உங்க புள்ளைக்கு மலை ஏறுறது ரொம்ப இஷ்டமாமே? ஊட்டுக்கு வந்து பஜ்ஜி துன்னுட்டுப் போறதெல்லாம் வேணாம், நாகலாபுரம் மலைக்கு எல்லாரும் சேந்து போயிட்டு வரலாம்னு சொல்லுது. உங்க கார்ல இடம் இருக்குமா?"

"தாராளமா இருக்குண்ணே!" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பிரகாஷைப் பார்த்தேன்.

"இன்னாம்மா இது பேஜாரு? நான் எப்போ மலை ஏறினேன்?"

"திருத்தணி ஏறலியா?"

"மொட்டை போடத் தூக்கினு போனீங்க. அப்போ எனக்கு நடக்கவே தெரியாது!"

"ஏறினியா இல்லியா?"

இப்படிப்பட்ட வாதத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. பிரகாஷ் கடைக்குப் போய் ஷூ, தொப்பி, மடக்குகிற கைத்தடி, முதுகுப்பை எல்லாம் வாங்கி வந்தான். ஞாயிறு காலை அவன் கிளம்பி நின்றபோது இமயமலைக்கு ஆள் எடுக்கிறார்களோ என்று வாட்ச்மேன் விசாரித்தார்.

செவ்வாப்பேட்டையில் அப்பாவும் மகளும் ஏறிக்கொண்டார்கள். முனுசாமி காலில் ரப்பர் செருப்பு. எழிலரசி காட்டன் சுடிதார், பழைய கேன்வாஸ் ஷூ, கழுத்தில் ஒரு கேமரா. முகத்தில் பவுடர்கூட இல்லை. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பிரகாஷுக்கும் பிடித்துவிட்டது என்பது அவன் கியர் மாற்றிய லட்சணத்திலேயே தெரிந்தது.

ஊத்துக்கோட்டை தாண்டியதும் கார் கண்ணாடிக்கு முன்னால் மலை எழுந்தது. வயல்களுக்குப் பின்னால், நீலமாக, நீளமாக.

"அட, இதா?" என்றான் பிரகாஷ். "எங்க கம்பெனி கேன்டீன் ஜன்னல்லேருந்து தெனமும் தெரியும். நான் இத்தினி வருசமா மேகம்னு நெனச்சினு இருந்தேன்!"

அக்கா பலமாக இருமினாள். மலையேறுவதை ஹாபியாக வைத்திருப்பவன் பேசுகிற பேச்சா இது?

எழிலரசி சிரித்தாள். "மழை விட்ட மறுநாள்தான் பளிச்சுனு தெரியும். மத்த நாள்ல மேகம் மாதிரிதான் இருக்கும். இது கிழக்குத் தொடர்ச்சி மலைங்க. மேற்குத் தொடர்ச்சி மாதிரி ஒரே சுவரா இருக்காது. ஆறுங்க குறுக்க வெட்டி வெட்டி, துண்டு துண்டா நிக்கும்."

"துண்டு துண்டா இருக்கிறதுக்கு ஏம்மா தொடர்ச்சின்னு பேரு வெச்சாங்க?" என்றாள் அக்கா.

எழிலரசி ஒரு நிமிடம் யோசித்தாள். "நல்ல கேள்வி ஆன்ட்டி. எங்க கிளாஸ்ல இத யாருமே கேட்டதில்ல."

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மலை அடிவாரம் வரைக்கும் அந்தப் பெருமையிலேயே வந்தாள்.

அடிவாரத்தில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம். ஆந்திர எல்லை ஆயிற்றே, எல்லாரையும் "நைனா" என்று கூப்பிட்டார். கீழே முள்ளும் புதருமாக இருந்த காடு, ஓடைக்குள் இறங்கியதும் சட்டென்று மாறியது. மேலே மரங்கள் கைகோத்து நின்றன. வெயில் காணாமல் போனது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. காலை வைத்தால் குட்டி மீன்கள் வந்து கடித்தன. சென்னையில் இதற்குக் காசு வாங்குகிறார்கள்.

"மேற்கு மலைக்கு ஆனி, ஆடில மழை. இந்த மலை ஐப்பசி வரைக்கும் காஞ்சுபோய்க் காத்துக்கினு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் தாவிப் போனாள் எழிலரசி. "கடல் கிட்டதானே? பழவேற்காட்டுப் பக்கத்துலேருந்து வர்ற ஈரக்காத்து இதுமேல முட்டித்தான் இந்த ஓடையெல்லாம் ரொம்புது. இந்தத் தண்ணியும் ஆரணியாத்துல சேந்து திரும்ப அந்தக் கடலுக்கே போவுது."

அழகாகத்தான் இருந்தது கேட்க. ஆனால் பாதை என்று ஒன்று இல்லை. பாறை, அதற்கடுத்து பாறை. முனுசாமி ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடு மாதிரி ஏறினார். வழியில் ஒரு மரத்தைப் பார்த்து அக்கா, "இது செம்மரமா? மருந்துக்கு ஒரு சிம்பு ஒடிச்சுக்கவா?" என்று கேட்டாள். வழிகாட்டிக்கு வியர்த்துவிட்டது. "வத்தம்மா, வத்து! ஜெயிலு!" என்று தெலுங்கில் பதறித் தடுத்தார். அவருடைய அலறலில் திரும்பிய நான்தான் முதல் பத்தியில் சொன்ன மாதிரி உட்கார்ந்தேன்.

அதற்குமேல் என்னை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் பிரகாஷ் அதைவிட மோசமான நிலையில் இருந்தான். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கைத்தடி மடங்க வேண்டாத நேரத்தில் மடங்கியது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த முதுகுப்பை.

"சித்தி... பையில இன்னா வெச்சிருக்காங்க அம்மா? கல்லா?" என்று என் காதருகே மூச்சு வாங்கினான்.

அக்காவைக் கேட்டேன். "சொஜ்ஜியும் பஜ்ஜியும்" என்றாள் மெதுவாக. "எவர்சில்வர் கேரியர்ல. அவங்க ஆயிரம் சொல்லட்டும், இனிப்பு குடுக்காம எப்படிடி பொண்ணு பாக்குறது?"

ஓடை வழியில் இரண்டாவதாக வந்த குளத்தருகே பெரிய சப்பைப் பாறை ஒன்று சாய்வாகக் கிடந்தது. பிரகாஷ் பையைக் கழற்றி எறிந்தான். அப்படியே பாறையில் குப்புற விழுந்தான். கன்னம் பாறையில், இரண்டு கையும் விரித்தபடி. நான் பயந்தே போனேன்.

எழிலரசி அவனை நோக்கி ஓடினாள். ஐயோ பாவம், தண்ணீர் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்படியே இருங்க! எழுந்துக்காதீங்க!" என்று கத்தினாள். "நீங்க எதுமேல படுத்துக்கினு இருக்கீங்க தெரியுமா?"

"பாம்பா?" என்றான் பிரகாஷ், தலையைத் தூக்காமல்.

"அலை!"

கிட்டே போய்ப் பார்த்தோம். பாறை முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். கடற்கரையில் தண்ணீர் வடிந்ததும் ஈர மணலில் தெரியுமே, அச்சு அசல் அதே வரிகள். ஆனால் கல்லில்.

"இந்த மலை ஒரு காலத்துல கடலடி மணல்" என்றாள் எழிலரசி. கேமராவைக் கையில் எடுத்தாள். "மனுசனே இல்லாத காலம். ஏதோ ஒரு நாள் ஒரு அலை வந்து போட்ட கோடு இது. அப்படியே கல்லாயிடுச்சு. எங்க பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க, மலையில ஏது மிஸ் கடலுன்னு. போட்டோ எடுக்கணும். சைஸ் தெரிய பக்கத்துல எதுனா வெக்கணும்... நீங்களே இருக்கீங்க. அசையாதீங்க."

ஆக, மாப்பிள்ளை அடிஸ்கேல் ஆனார்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? குரங்குகள். ஒன்று தூக்கி எறிந்த பையின் ஜிப்பைத் திறந்தது... ஆமாம், திறந்தது, நம் வீட்டுப் பிள்ளைகளைவிட நிதானமாக. கேரியர் வெளியே வந்தது.

"டேய் பிரகாஷ், கொரங்கு! பஜ்ஜிடா!" என்று அலறினாள் அக்கா.

"அசையாதீங்க, இப்பதான் வெளிச்சம் நல்லா விழுது" என்றாள் எழிலரசி.

பிரகாஷின் கண்கள் மட்டும் குரங்கின் பக்கம் போயின. அவன் அசையவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குரங்கு அவன் முகத்தைப் பார்த்தபடியே வாழைக்காய் பஜ்ஜி தின்றது. அப்போதும் அசையவில்லை. முனுசாமி என்னிடம் குனிந்து, "பையன் சொன்ன பேச்சு கேக்குறானே!" என்றார் வியப்பாக.

போட்டோ முடிந்தது. பிரகாஷ் எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் அந்த அலையின் வரி பதிந்திருந்தது. எழிலரசி தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி கேட்டாள்: "இதுக்கு முன்னாடி எந்தெந்த மலை ஏறியிருக்கீங்க?"

"அவன் ஏறாத மலையே..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ சும்மா இரு" என்றான் பிரகாஷ். தண்ணீர் குடித்தான். பிறகு அவளை நேராகப் பார்த்துச் சொன்னான். "நான் மலையே ஏறினதில்லீங்க. அது அம்மா போட்டது. எனக்கு ஷிஃப்டு முடிஞ்சா தூக்கம்தான். நைட் ஷிஃப்டும் உண்டு. மாசத்துல பாதி நாள் ராத்திரி ஊட்ல இருக்க மாட்டேன். இத்த மறைச்சி இன்னா ஆவப் போவுது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வரனும் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

"தெரியும்" என்றாள் எழிலரசி. "ஷூவுல வெல ஸ்டிக்கர்கூட பிக்கல நீங்க."

பிரகாஷ் குனிந்து ஷூவைப் பார்த்தான்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அவள். இப்போது அவள் பார்வை கீழே போனது. "நான் மாப்ள பாக்க வரல. இந்தப் பாறையப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்கப்பா தனியா அனுப்ப மாட்டாரு, எங்ககிட்ட வண்டியும் இல்ல. உங்க புரொஃபைல்ல ட்ரெக்கிங்னு பாத்தேன்... கார் இருக்குன்னும் போட்டிருந்தாங்க."

"அடிப்பாவி!" என்றார் முனுசாமி. "அப்போ மாப்ள வேணாமா?"

"வரும்போது வேணாம்னுதான் நெனச்சேன்ப்பா" என்றாள்.

வாசகர்களே, அந்த 'தான்' என்ற எழுத்துகளைத் தமிழில் சேர்த்தவர் யாராக இருந்தாலும் என் வணக்கம். முனுசாமிக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரகாஷுக்கு இறங்கி வருகிற வழியில் பாதியில்தான் புரிந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

திரும்பி வரும்போது காரில் எழிலரசி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கேன்டீன் ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். நைட் ஷிஃப்ட் முடிந்து விடியும்போது அந்த மலை எப்படி இருக்கும் என்று கேட்டாள். அதையும் சொன்னான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நாம் எல்லாரும் நம்மைப் பற்றி ஒரு கட்டத்தில் எதையோ எழுதி வைத்திருக்கிறோம். எழுதினதை நம்பி யாராவது வந்துவிட்டால்தான் ஆபத்து. வந்தவரும் எதையோ மறைத்துக்கொண்டு வந்திருந்தால்... பொருத்தம்!

புதன்கிழமை பிரகாஷுக்கு எழிலரசியிடமிருந்தே போன் வந்தது. அந்த வரிகளை அலை இன்றைக்கும் கடல் மணலில் போட்டுக்கொண்டிருக்கிறதாம். வகுப்பில் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். வரும் ஞாயிறு பழவேற்காடு போகலாமா என்று கேட்டாளாம். போட்டோவில் அதே ஸ்கேல் இருந்தால் நல்லதாம்.

பிரகாஷ் ஷிஃப்டை மாற்றிக்கொண்டுவிட்டான். நேற்று மாடியேறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் ரகசியமாக ஒன்று கேட்டான்:

"சித்தி... பழவேற்காடு சமதரைதானே?"