காப்பு கட்டிய கை

முனிராஜை எனக்கு முதலில் சைக்கிள் மெக்கானிக்காகத்தான் தெரியும். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு எதிரே, மலைச்சைக்கிள்கள் விற்கும் பெரிய கடையில் வேலை. வீடு ஸ்ரீராம்புரத்தில். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தினமும் சைக்கிளிலேயே வந்து போவார். வேலைக்காகக் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்த நானோ, லாரிகளுக்குப் பயந்து அடுக்ககத்தின் உள்சாலையிலேயே வட்டமடிப்பவள். முதல் தடவை சைக்கிளைச் சரிபார்க்கக் கொடுத்தபோது ப்ரேக் கட்டையைக் கழற்றிக் காட்டினார்.

"மேடம், இறக்கமே இல்லாத எடத்துல இவ்ளோ தேய்மானம் நான் பாத்ததே இல்ல. எதைப் பாத்து இப்படிப் புடிக்கிறீங்க?"

"பூனை குறுக்கே வரும்."

"வந்துச்சா?"

"வரலாம் இல்லையா?"

அன்றிலிருந்து கடையில் எனக்கு 'பூனை மேடம்' என்று பெயர்.

அவருக்கு முப்பத்தொரு வயது. ஒரே ஆசைதான். லடாக்கில் மலைச்சைக்கிள் பயணம் வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக வேண்டும். மரமே முளைக்காத உயரத்தில், கற்கள் உருளும் ஒற்றையடிப் பாதையில், எட்டு பத்துப் பேரை மேலே ஏற்றி, திருப்பங்களில் நின்று கடைசி ஆள்வரை பார்த்து, மறுபக்கம் பத்திரமாக இறக்கிக் கொண்டுவரும் வேலை. போன வருடம் ஒரு குழுவோடு மெக்கானிக்காகப் போனார். லடாக்கின் லே நகரில் இறங்கியதுமே தலை வலித்தது. சொன்னால் கீழேயே விட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டார். கணவாய்க்கு ஏறும்போது மூச்சு வாங்கியது, இருமினால் நுரை வந்தது. குழுவின் தலைமை வழிகாட்டி நோர்பு அவரை ஜீப்பில் போட்டுக் கீழே இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவர் படுத்திருக்கிற படத்தை யாரோ வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் படத்தை முதலில் பார்த்தவர் அம்மா சந்திரம்மா. மாநகராட்சியில் துப்புரவு வேலை. தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, மகன் உயிரோடு வந்தால் வருகிற ஆடியில் மாரியம்மனுக்கு அவன் தீச்சட்டி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டார். மகன் உயிரோடு வந்தார்.

இந்த வருடம் மே மாதம் முனிராஜ் மறுபடி லடாக் போனார். இந்த முறை அவசரப்படவில்லை. தலை கொஞ்சம் பாரமாக இருந்தாலும் நோர்புவிடம் சொன்னார். ஏறினார், தங்கினார், இறங்கினார், மறுபடி ஏறினார். முதலுதவிப் பயிற்சியும் முடித்தார். திரும்பும்போது நோர்பு சொன்னாராம்: "ஆகஸ்ட் கடைசியில ஒரு குழுவை உன்கிட்ட விடுறேன். அதை நல்லபடியா கொண்டுவந்து சேர்த்தா, இனி நீ மெக்கானிக் இல்ல."

ஆகஸ்ட் கடைசி என்றால் ஆடி முடிந்துவிடும். அந்தக் கணக்கில், ஆடி பிறந்ததும் முனிராஜ் காப்புக்குக் கையை நீட்டினார். பூசாரி நாகேஷ் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டினார். காப்பு கட்டியவர்கள், தீச்சட்டி எடுத்து அம்மன் முன்னால் இறக்கும்வரை ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது.

அடுத்த நாள் நோர்புவிடமிருந்து அழைப்பு. இன்னொரு வழிகாட்டிக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. அவர் கூட்டிப்போகவிருந்த குழு உடனே புறப்படுகிறது. முனிராஜ் இரண்டு நாளில் லேயில் இருக்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வரச்சொல்லி எனக்கு முன்பே அழைப்பு இருந்தது. பேருந்திலிருந்து இறங்கி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துக்குள் நுழைந்தேன். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. வீட்டு வாசலிலேயே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"ஊருன்னா எதுண்ணா ஊரு?" முனிராஜ் நாகேஷைக் கேட்டுக்கொண்டிருந்தார். "டெய்லி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போறேன். அது ஊருக்குள்ளயா வெளியவா?"

"நைட்டு வூட்டுக்கு வந்துடுற இல்ல? அப்போ உள்ள."

"தேவனஹள்ளி?"

"உள்ளதான் வெச்சுக்கோ."

"அங்கதாண்ணா ஏர்போர்ட்டு கீது."

"ஏர்போர்ட் வரைக்கும் போடா. ப்ளேனைப் பாரு, டீ குடி, திரும்பி வா. யாரு வேணாங்கிறா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முனிராஜ் சிரிக்கவில்லை. அவர் மனைவி வீணா கூழ்ச்சட்டியை எனக்கு நேராக நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணா, அவரு கயித்தை அவுத்து எனக்குக் கட்டுங்க. நான் எடுக்கிறேன் சட்டி. பொம்பளைங்க எடுக்கிறதில்லையா?"

"வேண்டிக்கினது அவன் பேருல. அவன் கையிலதான் எறங்கணும்" என்றார் நாகேஷ். "சந்திரக்கா சொல்லட்டும்."

சந்திரம்மா கூழுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார். மகனைப் போகவிடாமல் வைக்கத்தான் இப்படி வேண்டிக்கொண்டாரோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் ஓடியது. முனிராஜும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

"உனக்கு இப்போ சந்தோஷம்தானேம்மா?"

கத்தி நின்றது. "எனக்கு இன்னாடா சந்தோஷம்? அந்தப் போட்டோவ நீ பாக்கல. நான் பாத்தேன். உதடெல்லாம் நீலமா இருந்துச்சு." பிறகு வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்தார். "வீணா, அந்தக் கத்திரியை எடு. அறுத்துக்கினு போடா. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். அவளும் புள்ள பெத்தவதான்."

நாகேஷ் மெல்லக் காலணியை மாட்டிக்கொண்டார். தான் பார்க்கவில்லை என்பதாக. வீணா கத்திரியைக் கொண்டுவந்து கணவர் மடியில் வைத்தாள். இப்போது யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் கயிற்றின் கீழே கத்திரியின் ஒரு அலகை நுழைத்தார். அப்படியே இருந்தார். எனக்கு அறுக்கட்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

"அறு" என்றாள் வீணா.

"நான் ஒருத்தன் மட்டும் போறேன்னா அறுத்துடுவேன்."

"அப்புறம்?"

"எட்டு பேரைக் கூட்டிக்கினு போறேன். எவனுக்காவது காலு சறுக்குச்சுன்னா, பாதையைப் பாக்க மாட்டேன். இந்தக் கையைத்தான் பாப்பேன்."

"அவங்க ஹெல்மெட் போட்டிருப்பாங்க. இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்க. உனக்கு இன்னா இருக்குது? திரும்ப அந்தக் கடைதான், திரும்ப பஞ்சர்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சா அறுய்யா!"

அவர் கத்திரியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நோர்புவை அழைத்தார். சந்தில் எங்கே போய்ப் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். அதனால் அங்கேயே, தன் தக்கனி உருது கலந்த இந்தியில், இருந்ததை இருந்தபடி சொன்னார். தங்கள் ஊரிலும் நாள் பார்க்காமல் கிளம்பாதவர்கள் உண்டு என்றார் நோர்பு. ஆனால் விருந்தாளிகள் விமானம் ஏறிவிட்டார்கள், அவர்களை நிறுத்திவைக்க முடியாது. வேறு ஆளைப் போட்டுவிடுவார். அந்த ஆள் நன்றாகச் செய்தால், ஆகஸ்ட் கடைசிக் குழுவும் அவனுக்குத்தான். மெக்கானிக் இடம் இருக்கிறது, வேனில் பின்னால் வரலாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்தார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வீணா கத்திரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் வெளியே வரவில்லை. சந்திரம்மா எனக்கு இன்னொரு முறை கூழ் ஊற்றினார். அதையும் குடித்தேன்.

தீச்சட்டி எடுத்த நாளில் நானும் போயிருந்தேன். அதே காலையில் இன்னொருவன் அந்தக் குழுவைக் கணவாய்க்கு ஏற்றிக்கொண்டிருந்தான். முனிராஜ் மஞ்சள் வேட்டியில், வேப்பிலைக் கொத்துகளுக்கு மேல் எரியும் சட்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். பின்னால் பெண்கள் ஏழெட்டுப் பேர் சட்டியோடு வந்தார்கள். பம்பை அடிப்பவர்கள் இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டு ஆடினார்கள். சூட்டில் எனக்கே முகம் எரிந்தது. தண்ணீர் யாராவது வைத்திருக்கிறார்களா, யார் புடவையிலாவது பொறி விழுமா என்று நான் பார்த்துக்கொண்டே ஓரமாக நடந்தேன்.

முதல் திருப்பத்தில் முனிராஜ் நின்றார். அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் குலவையிட்டது. அவர் உடம்பைத் திருப்பி, பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசி ஆள் திருப்பத்தைத் தாண்டிய பிறகே மறுபடி நடந்தார். அடுத்த திருப்பத்திலும் அப்படியே.

"டேய், ஆத்தா முன்னாடி கீறா! முன்னாடி பாத்து நடடா!" என்று நாகேஷ் கத்தினார்.

சந்து மிகவும் குறுகும் இடத்தில் சாக்கடைக் கல் ஒன்று பெயர்ந்திருந்தது. அதைத் தாண்டியதும் முனிராஜ் மறுபடி நின்றுவிட்டார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. சட்டியின் தணல் காற்றில் சிவந்தது. கடைசியாக வந்த முத்தம்மா, வயதானவர், சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"நடந்துகினே இரேன்டா! கை வேகுது. நாங்க இன்னா காணாமயா பூடுவோம்?"

"கல்லு ஆடுதுக்கா. இடது பக்கம் கால வெய்யி."

முத்தம்மா திட்டிக்கொண்டே இடது பக்கம் கால் வைத்துத் தாண்டினார். முனிராஜ் அதன் பிறகே திரும்பி நடந்தார்.