கன்னி ராசிக்கு வந்த மகிழ்ச்சி

விழுப்புரத்தில் பொறாமைப்படத் தெரியாதவர் யாரும் கிடையாது. ஆனால் அதைப் படுத்தபடியே முழுநேர வேலையாகப் பார்த்தவன் பாண்டுரங்கன் ஒருவன்தான்.

அவன் தொழில் ரேடியோ செட் கட்டுவது. கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அந்த நாலு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடியாதபடி செய்துவிடுவான். எண்பத்து மூன்றாம் வருடம் வைகாசியில், விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் தென்னை மரத்தின் மேல் குழாயைக் கட்டிவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பார்த்தான். குழாய் நேராகத்தான் இருந்தது. அவன் கால்தான் கோணிப் போயிற்று.

மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துக் கட்டுப்போட்ட வைத்தியர், ஆடி முடிகிற வரையில் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். மனைவி அஞ்சம்மாள் கட்டிலை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டாள். காற்று வரும் என்று நினைத்துத்தான் போட்டாள். காற்றோடு எதிர்ப்பக்கத்துக் கடையும் வந்தது. 'தேவநாதன் ஒலி ஒளி' என்று சிவப்பு எழுத்தில் பலகை.

தேவநாதனும் இவனும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். கூட்டு வைப்பதற்கு முன் கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல ஜோசியரிடம் போய்ப் பொருத்தம் பார்த்தார்கள். இருவருக்கும் கன்னி ராசி, அஸ்த நட்சத்திரம். "ஒருத்தருக்கு வர்றது இன்னொருத்தருக்கும் வந்தே தீரும்" என்றார் ஜோசியர். பாண்டுரங்கன் அதை அப்படியே நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டான். பிறகு, இனிமேல் கேசட்டுதான் என்று தேவநாதனும், இசைத்தட்டு மாதிரி வருமா என்று இவனும் மல்லுக்கு நின்று பாகம் பிரித்துக்கொண்டபோது, இவனுக்கு ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும், அவனுக்கு பிளேயரும் இசைத்தட்டுகளும் போயின. ஆக, இவனிடம் கத்துவதற்கு வாய் இருந்தது, பாட்டு இல்லை. அவனிடம் பாட்டு இருந்தது, வாய் இல்லை. ஆளுக்கொரு பாதியைப் புதிதாக வாங்கினார்கள். அதோடு தேவநாதன் டேப்பும் வாங்கிப் பளபளவென்று ஆகிவிட்டான்.

இப்போது கட்டிலில் படுத்தவன் கண்ணுக்கு அந்தப் பளபளப்பு மட்டும்தான் தெரிந்தது.

அப்பாதுரை மளிகைக்கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த தினசரி காலண்டர் சுவரில் தொங்கியது. தேவநாதன் கடையிலும் அதே காலண்டர்தான். காலையில் அஞ்சம்மாள் தாளைக் கிழித்து அவன் கையில் கொடுப்பாள். அவன் கன்னி ராசிக்கு நேரே போட்டிருக்கும் ஒற்றைச் சொல்லைப் படிப்பான். ஒருநாள் போட்டிருந்த சொல் 'மகிழ்ச்சி'. நிமிர்ந்து பார்த்தால், எதிரே தேவநாதன் குழாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு, எவனோ சொன்ன ஜோக்குக்குத் தொடையைத் தட்டிச் சிரிக்கிறான்.

பாண்டுரங்கன் தாளை இன்னொரு தரம் படித்தான். ராசி ஒன்று, சொல் ஒன்று. அவனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இவனுடையது எங்கே? தபால்காரர் விலாசம் மாற்றிக் கொடுத்துவிடுவதுபோல, தன் பங்கு மகிழ்ச்சியும் சேர்த்து எதிர்வீட்டில் இறங்குகிறதோ என்று சந்தேகம் வந்தது. நாலைந்து நாள் கவனித்தான். சந்தேகம் தீர்மானமாகிவிட்டது.

நலம் விசாரிக்க வந்த அப்பாதுரை இதில் மாட்டிக்கொண்டார்.

"இன்னா மொதலாளி காலண்டர் குடுத்திருக்கீங்க? எனக்குப் போட்டது பூரா அவனுக்குப் போய்க்கினு கீது."

அப்பாதுரை வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு நடந்து நடந்து பாதி வக்கீலாகிவிட்டவர். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் சொன்னார்: "வாயால சொன்னா அச்சடிச்சவன் கேப்பானாப்பா? ஆதாரம் வேணும். கிழிக்கிற தாளு பின்னாடி வெள்ளையாத்தான கீது? அவனுக்கு இன்னா வந்துச்சி, உனக்கு இன்னா வந்துச்சி, தெனம் எழுது. ஆனா ஒன்னு, கெடைச்சத கெடைக்கலன்னு எழுதினா கேஸ் நிக்காது."

"நான் ஏன் மொதலாளி பொய் எழுதப் போறேன்?"

"அதானே. உனக்கு எங்க டைமு?" என்று சொல்லிவிட்டு அவர் ஜல்தியாக நடையைக் கட்டினார்.

அன்று தொடங்கினான். முதல் தாள்களில் நீதி கேட்கும் வேகம் இருந்தது. 'கன்னி: பயணம். தேவநாதன் செஞ்சிக்குப் போனான். நான் கட்டிலிலிருந்து பெஞ்சிக்குப் போனேன்.' 'கன்னி: உயர்வு. தேவநாதன் கடைக்கு மாடியில் புது விளக்கு. எனக்குக் காலுக்கு அடியில் இரண்டாவது தலையணை.' 'கன்னி: வரவு. தேவநாதன் வீட்டுக்குத் தையல் மிஷின். எங்கள் வீட்டுக்கு மாமியார்.' எழுதிய தாளை மளிகைக்கடை பில் குத்துகிற மாதிரி ஒரு கம்பியில் குத்தி வைத்தான்.

தொல்லை அப்பாதுரையின் நிபந்தனையில் இருந்தது. கிடைத்ததை மறைத்தால் கேஸ் நிற்காது. ஒருநாள் எழுதினான்: 'கன்னி: மகிழ்ச்சி. எனக்கு ஒன்றும் இல்லை. கேப்பை அடையில் முருங்கைக்கீரை போட்டிருந்தாள். இது கணக்கில் சேராது.' மறுநாள், 'மாமியார் ஊருக்குப் போனார். சேராது.' சேராதவை நாளுக்கு நாள் பெருத்தன. குழாய்க்கு அடியிலேயே காலம் தள்ளியவன் காதுக்கு, இந்தத் தெருவில் வேறு சத்தங்கள் இருப்பதே படுத்த பிறகுதான் தெரிந்தது. ஜங்ஷனில் ரயில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும்போது, ஒன்றையொன்று இடித்து அந்த இடி கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடுவதைக் கேட்டான். நெல் மிஷின் நின்ற பிறகு தெருவே ஒரு மூச்சு விடுவதைக் கேட்டான். பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு கோழியைத் திட்டுவது, கோழிக்குப் புரிவதுபோல அது பதில் சொல்வது, இரண்டையும் வரிவரியாக எழுதி, கீழே கண்டிப்பாக 'சேராது' போட்டான். எழுதுகிற அவசரத்தில் சிரித்துக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. அஞ்சம்மாள் கவனித்தாள். வைத்தியரிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள்.

ஆடி பிறந்தது. ஒருநாள் காலையில் தேவநாதன் தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றான்.

"பாண்டு, திண்டிவனத்துல தீமிதி. நாலு தெருவுக்கும் கொழாய் கட்டணும்ன்றாங்க. எங்கிட்ட அவ்ளோ கெடையாது. உன் செட்ட குடு. வர்றதுல பாதி உனுது."

கட்டிலுக்குக் கீழே பாண்டுரங்கனின் குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அஞ்சம்மாள் விதைக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உரிக்கப் போய் விரல் நுனி தேய்ந்து, அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் தன் குழாய் அவன் பாட்டைப் பாடுவதா?

"யோசிச்சி சொல்றேன்" என்றான்.

"வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லு. இல்லன்னா அவுங்க கடலூர் செட்டுக்குப் பூடுவாங்க."

அவன் போனதும் அஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள்: "இன்னாய்யா யோசன? கொழாயில எலி குட்டி போட்டுக்கினு கீது. அதுங்களுக்கு ஒரு தாலாட்டாவது போடேன்."

"உனக்கு ஒன்னும் தெரியாது. அவன் என் ராசிய உறிஞ்சிக்கினு கீறான். கம்பிய எடு, காட்டுறேன்."

கம்பி நிறைய இருந்த தாள்களை உருவி அவன் மடியில் கொட்டினாள். நடுப்பகலில், அவள் கேட்கும்படி உரக்கப் படிக்கத் தொடங்கினான். செஞ்சி, தலையணை, தையல் மிஷின் வரைக்கும் கேஸ் கம்பீரமாக நின்றது. அதற்குப் பிறகு ஆட்டம் கண்டது. 'தேவநாதன் டேப்பில் நாடா சிக்கிக்கொண்டு பொண்ணு அழைப்பில் பாட்டு நின்றது.' எழுதும்போது இனித்த வரி. 'தேவநாதன் கடை சாத்தியே இருந்தது. பிள்ளைக்குக் காமாலையாம்.' 'மகிழ்ச்சி என்று போட்ட நாளில் அவன் படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. மனைவி செண்பகம் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.' இப்படியே பக்கம் பக்கமாகப் போயிற்று. எதிரியின் சந்தோஷத்துக்குச் சாட்சி சேர்க்கப் போய், அவன் கஷ்டத்துக்கெல்லாம் தேதியோடு சாட்சி சேர்த்திருந்தான். தன் பக்கமோ முருங்கைக்கீரையும் ரயில் பெட்டியும் கோழியுமாக வழிந்தது.

குரல் சன்னமாகி நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? கோழி இன்னா சொல்லிச்சி, அதப் படி" என்றாள் அஞ்சம்மாள். படித்தான். அவள் மல்லாட்டை முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இவனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கட்டுப்போட்ட கால் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பாண்டுரங்கன் மனம் மாறி உத்தமனாகிவிட்டான் என்று நினைப்பவர்கள் பொறாமையைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். 'இவ்வளவு கஷ்டத்திலும் அந்தப் பய எப்படித் தொடையைத் தட்டிச் சிரிக்கிறான்?' என்றுதான் முதலில் தோன்றியது. அதை எண்ணி இன்னும் கொஞ்சம் வயிறு எரிந்தது. ஆனால் குழாயைக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடி அந்தத் தாள்களை மறுபடி புரட்டினான். கிடைக்கவில்லை.

"அவனக் கூப்புடு" என்றான்.

தேவநாதன் வந்தான்.

"கொழாய எடுத்துக்கோ. நானும் வருவேன்."

"இந்தக் காலோடவா?"

"கால இங்க வெச்சிட்டா வர முடியும்? என் ஆம்ப்ளிஃபயர எவனும் தொடக் கூடாது. நான்தான் பக்கத்துல குந்துவேன்."

"இன்னாடா பேஜாரு இது" என்று தலையில் கைவைத்தான் தேவநாதன். வைத்தாலும் ஆள் பிடிக்கப் போனான். திண்டிவனம் போகிற மல்லாட்டை லாரியில், மூட்டைகளின் மேல் பாண்டுரங்கனைத் தூக்கி வைத்தார்கள். விழுப்புரத்திலிருந்து வழி நெடுக அவன் அதிகாரம் செய்துகொண்டே போனான்.

திண்டிவனத்தில் பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை, அதன் மேல் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் நாற்காலி, எதிரே காலை நீட்ட ஒரு ஸ்டூல். மாலையில் அவன் குமிழைத் திருப்பியதும், தேவநாதனின் டேப்பிலிருந்து கிளம்பிய நாதஸ்வரம் இவனுடைய குழாய்களில் புகுந்து நாலு தெருவுக்கும் போயிற்று. வழக்கம்போல வீறிடவில்லை. முன்பெல்லாம் குமிழைக் கடைசி வரைக்கும் முறுக்கிவிட்டுத்தான் பீடி பற்ற வைப்பான். இன்றைக்கு அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தெருவாகக் காதால் போய் வந்தான். தேரடிப் பக்கத்துக் குழாய் கொஞ்சம் கரகரத்தது. அதற்கு ஆளை அனுப்பினான். பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே குரலாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா தாண்டவராயன் மைக்கைப் பிடித்தார். "இத்தனை அருமையாக ஒலி அமைத்துக் கொடுத்த விழுப்புரம் தேவநாதன் அவர்களுக்கு, ஆலயத்தின் சார்பாக ஒரு பொன்னாடை..."

பாண்டுரங்கனின் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. தர்மகர்த்தாவின் வாய் மட்டும் அசைந்தது. நாலு தெருவும் வெறிச்சென்று ஆகிவிட்டன. சால்வையைப் பாதி விரித்தபடி அவர் மைக்கைத் தட்டிக்கொண்டு நின்றார்.

தேவநாதன் வேட்டியை மடித்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் ஓடி வந்தான். நாற்காலியில் பாண்டுரங்கன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கரண்டு போச்சி" என்றான்.

"லைட்டு எரிஞ்சிக்கினு கீதேடா, பாவி."

"அப்பிடியா? நான் பாக்கல."

தேவநாதன் இடுப்பில் கைவைத்து அவனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கும் உதடு துடித்தது. திட்ட வந்ததை மறந்து தொடையைத் தட்டினான். பந்தலுக்கு அந்தப் பக்கம் தர்மகர்த்தா "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னொருதரம் சொல்லச் சொல்லு" என்றான் பாண்டுரங்கன், குமிழ் மேல் கையை வைத்தபடி. "இந்தவாட்டி என் பேரையும் சேத்து. நிதானமா."