தென்னங்கன்றுக்கு வசவு தாமதமாக வரும்

சேலை விற்றவரை மறுநாளே வந்து திட்டலாம். தென்னங்கன்று விற்றவரைத் திட்ட ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். என்னைப் போல் நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் கனம் தெரியும். என்னுடையது ராசிங்காபுரத்தில். கல்லூரியில் படித்தது தமிழ், பிழைத்தது கன்றில்.

ஒரே குவியல்

விதைக்காயை மரத்திலிருந்து போடக் கூடாது. கயிறு கட்டி இறக்க வேண்டும். கிணற்றடி மரம் எங்கள் தாய்மரம். பக்கத்து மரம் ஆகாது. பாதிக் காயில் பருப்பே இராது, அந்தக் குணம் கன்றுக்கும் வரும். நான் போடிக்குப் போயிருந்த ஒரு நாள், மரமேறி வீரணன் இரண்டிலும் காய் இறக்கி ஒன்றாகக் குவித்துவிட்டார். எனக்கு அது தெரிந்தது மறு வருடம், அந்தக் கன்றுகளில் நாற்பது தேவாரம் ஊருக்கு விற்றுப் போன பிறகு. அவரே பேச்சுவாக்கில் சொன்னார். நான் தலையில் கை வைத்ததும் சமாதானமும் சொன்னார்: "காய்னா காய்தான ஆத்தா. அதுக்கென்ன குலமா, கோத்திரமா?"

சொல்லப் போன இடம்

வாங்கியவர் பெருமாள்சாமி. இருந்த ஒரே நிலத்தில் சோளத்தை விட்டுவிட்டுத் தென்னை வைத்திருந்தார். பஸ்சில் போகும்போது, சொல்லாமலே திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. "சில கன்று கெட்டது. எது என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள், வேறு தருகிறேன்" என்றேன்.

மோர் கொடுத்தார். கன்று வரிசையை ஒரு தடவை பார்த்தார். "வேர் பிடிச்சதப் பிடுங்க மனசு வராது ஆத்தா. நீங்களும் இருங்க, நானும் இருக்கேன். காய்க்கட்டும், அப்பப் பேசிக்குவம்."

யானையின் தேர்வு

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. மலையிலிருந்து இறங்கிய யானை ஐந்து கன்றைக் குருத்தோடு உருவியிருந்தது. அவை கெட்ட கன்றுகளாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். உடனே வெட்கமாகவும் இருந்தது. அவருக்கும் போனது நல்லதா கெட்டதா என்ற நினைப்புத்தான் போல: "பக்கத்துத் தோட்டத்துக் கன்ன மோந்துகூடப் பாக்கல. நல்லதாப் பாத்துத் தின்னுபுட்டுப் போயிருச்சு ஆத்தா. மிச்சமிருக்கது பூரா ஒங்க வீரணன் கன்னுதான்."

முப்பத்தைந்து காய்

ஏழாம் வருடத் தையில் வாசலில் ஜீப்பு நின்றது. மரத்துக்கு ஒன்றாக முப்பத்தைந்து காய், ஒவ்வொன்றிலும் தாரால் எண். பெருமாள்சாமி உட்கார்ந்து உரித்து உடைத்துக்கொண்டே வந்தார். நான் பருப்பை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். கனம். கனம். கனம். மூன்றில் மட்டும் வெறும் ஓடு. மற்றவை வெள்ளை வெளேரென்று வெயிலைப் பார்த்துக் கிடந்தன. பெருமை பேச வாய் வரவில்லை; நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருந்தது.

அந்த மூன்றையும் கையில் எடுத்தேன். மன்னிப்புக் கேட்குமுன் அவர் சொன்னார்: "இன்னும் அம்பது கன்னு வேணும் ஆத்தா. அதுல கெட்டது இருந்தாலும் பஸ்சேறி வந்து சொல்லுவீகள்ல, அது போதும். ஏழு வருசம் கழிச்சு இதே மாதிரி காயோட வாரேன்."

எழுபத்திரண்டு வயதுக்காரியிடம் ஏழு வருடம் கழித்துக் கணக்குக் கேட்க வருவேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகும் தொழில், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.