நின்றால் நடுங்கிய வண்டி

எங்கள் பழைய பிக்கப் வண்டி ஓடும்போது ஒழுங்காகத்தான் ஓடும். நிறுத்தி வைத்தால்தான் வினை. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கையிலேயே குளிர்காய்ச்சல் வந்தமாதிரி நடுங்கும், திணறும், பிறகு அணைந்துவிடும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பெண்கள் நாங்கள் வீடுகளில் சுருட்டும் வெடிக்குழாய்களை, மருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய்களைத்தான், என் வீட்டுக்காரர் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போவார். தாள் வாங்கி வர நானும் கூடப்போவேன். தீபாவளி சீசன் மும்முரத்தில் ஒருநாள் கம்பெனி கேட்டில் வண்டி மூன்று தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் கரும்புகை. போர்மேன் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"மருந்து இருக்க எடத்துக்குள்ள இந்த வண்டி வரப்படாது. அடுத்த லோடுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி வேற வண்டிக்கு விட்ருவேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு நானும் கம்பெனிக்கே கூலிக்குப் போறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கூலியை விட்டு நாங்கள் வெளியே வந்ததே இந்த வண்டியை நம்பித்தான்.

ஆமத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். நோசிலைக் கழற்றி மாட்டினார், பில்டரை மாற்றினார். நடுக்கம் போகவில்லை. டீசல் பம்பைக் கழற்றி இறக்க வேண்டும், பத்து நாளாகும் என்றார். பத்து நாளில் லோடு யார் கைக்கோ போய்விடும்.

நான் வாசலில் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். காது மட்டும் வண்டியில்.

"டேங்க் நெறைய டீசல் அடிச்ச அன்னைக்கு வண்டி நடுங்கல. பாதிக்குக் கீழ எறங்குனாத்தான் ஆட்டம். பம்பு கெட்டிருந்தா எல்லா நாளும்ல நடுங்கணும்?" என்றேன்.

"நீங்க குழாயச் சுருட்டுங்கக்கா. வண்டிய நாங்க பாக்கோம்" என்று சிரித்தார் மெக்கானிக்.

எனக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும். அன்றும் கேட்டிருக்கும். நான் கூலிக்குப் போன தோட்டங்களில் கிணற்று மோட்டாரைப் பார்த்தவள். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் மோட்டார் காற்றை இழுத்து, தண்ணீர் விக்கி விக்கி வரும். கிணறு நிறைந்திருந்தால் அது அவ்வளவாகத் தெரியாது. "இதுவும் காத்தத்தான் இழுக்குது. ஒரு கேன்ல டீசல ஊத்தி, டேங்க விட்டுட்டு நேரா பம்புக்குக் குடுங்க. அப்பவும் நடுங்குனா நான் வாயத் தொறக்கல."

என் வாயை அடைக்கவாவது செய்து பார்ப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ, செய்தார்கள். வீட்டுக்காரர் கேனைத் தூக்கிப் பிடித்தார். எஞ்சின் கிளம்பியது. ஒரே சீரான சத்தம், ஒரு விக்கல் இல்லை. மெக்கானிக்கின் சிரிப்பு அதோடு நின்றது.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் கோளாறு என்று தெரிந்ததும் வண்டிக்கு அடியில் புகுந்து ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனார். வெளியே வந்தபோது அவர் விரலில் நைந்த பிரவுன் தாள்.

"என்னக்கா இது? டீசல் குழாய்ல தாளு சுத்திருக்கு!"

பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. விளிம்பை உள்ளே மடித்து ஒட்டுகிற அந்தக் கை என்னுடையது. தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் பாதி வழியில் குழாய் கீறி வண்டி நின்றபோது, சாயாக்கடை அடுப்பில் மைதாப் பசை காய்ச்சி, வெடிக்குழாய் சுருட்டுவதுபோல ஏழு சுற்றுச் சுற்றி நூலும் கட்டினேன். எது கிழிந்தாலும் தாளை ஒட்டுகிற ஊர்க்காரி வேறென்ன செய்வாள்? அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி இரண்டு பேருமே மறந்துவிட்டோம். புரட்டாசி மழையில் பசை இளகி, குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்திருக்கிறது.

"நான்தான் சுத்துனேன்" என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது? எட்டு மாதம், அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் என் பசை தாங்கியிருக்கிறதே!

புதுக் குழாய் மாட்டினார்கள். அடுத்த லோடுக்குக் கேட்டில் நின்றபோது போர்மேன் கொஞ்ச நேரம் எஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எந்த மெக்கானிக் பாத்தது?"

வீட்டுக்காரர், பக்கத்து சீட்டில் இருந்த என் பக்கம் கையைக் காட்டினார். "எங்க வீட்லதான் பாத்தாக" என்றார். என்னை அவர் மரியாதை வைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீழே வண்டி நடுங்கவே இல்லை.