ஐவி டீச்சர் கேட்டைத் திறந்த கதை

ஐவி டீச்சருக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களும் குறைவுதான். மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் அந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. தாய்மார் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடை பழகியதிலிருந்து பள்ளிக்கூட வயதுவரை மொத்தம் பத்தொன்பது உருப்படிகள். அத்தனை பேரையும் அவள் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவாள். "ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க, மூக்கத் தொடைப்போம்" என்று இரண்டு வயதுக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பாள். மரியாதை கொடுத்தால் கடிக்க மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. சிலர் கடித்தார்கள்தான்.

அதே காம்பராவில்தான் அவளும் வளர்ந்தாள். அப்பா இக்னேசியஸுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு மலையில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சும்மா கிடந்த புல்தரையைப் பார்த்தபடியே நாலு வருடம் கழிந்தது. கேட்டுக்கு எப்போதும் பூட்டு. பிறகு உயர்தரம் படித்து, கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஐந்து வருடம் நின்று கால் வீங்கி, குழந்தைப் பராமரிப்புப் படிப்பு ஒன்றை முடித்துக்கொண்டு அதே காம்பராவுக்கு டீச்சராக வந்தாள். முதல் நாள் காலை, அந்தப் பூட்டு இன்னும் தொங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை மனுஷர் காதால் கேட்க முடியாது.

கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அதைத் திறக்க மூன்று வருடம் பிடித்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். ஆபீஸ் வாசலில் நின்று நின்று அங்கிருந்த நாய்க்கும் அவளைத் தெரிந்துவிட்டது. கடைசியில் இந்த ஏப்ரலில், வெயில் நன்றாக ஏறியிருந்த நேரத்தில், சித்திரை வருசத்துக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்க்கலாம் என்று தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரை ஒத்துக்கொண்டார். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனாலும் பூட்டு திரும்ப விழும், அதற்குப் பிறகு தன்னிடம் வரக்கூடாது என்றும் சொன்னார்.

துரையைக்கூடச் சம்மதிக்க வைத்துவிடலாம், தாய்மாரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதிலும் நிஷாந்தி. அவள் மகள் யதுர்ஷிக்கு நாலரை வயது. புருஷன் கொழும்பில் கடைச் சிப்பந்தி, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். கொழுந்து பறிப்பதில் அவள் கை வேகத்துக்கு அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சமும் கிடையாது.

"மண்ணுல பொரள்றதுக்கு லயத்து வீட்டு வாசல் பத்தாதா டீச்சர்? அதுக்கு எதுக்குக் காம்பரா? உக்கார வச்சு எழுதப் பழக்குங்க" என்றாள் நிஷாந்தி.

"வெளையாடும்போதே படிப்பு ஏறும் நிஷாந்தி. ரெண்டே வாரம். ஏறலன்னா நானே பூட்டிப்புடுறேன்."

நிஷாந்தி மலைக்குக் கிளம்பத் திரும்பினாள். பிறகு, "சரி. ஆனா ஒன்னு. கொழுந்து எடுக்குற வெளையாட்டு மட்டும் வேணாம். நான் ஒம்பதாம் ஆண்டோட படிப்ப விட்டுட்டு, கொழுந்தெடுக்க இடுப்புல படங்குச் சாக்கு கட்டுனவ. என் புள்ள வெளையாட்டுக்குக்கூட ஒரு கொழுந்து கிள்ளக் கூடாது" என்றாள்.

"மாதா சத்தியமா விட மாட்டேன்" என்றாள் ஐவி. சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள்.

கேட் திறந்தது. பிள்ளைகள் முதலில் வெளியே வரவேயில்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு பயல் பாய்ந்தான் பாருங்கள், அடுத்த நிமிடம் காம்பரா காலி. பூசணித் தண்டில் சவர்க்கார நுரை ஊதினார்கள். சேற்றில் ரொட்டி தட்டி உதவி ஆயா மீனம்மாவுக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள். அவளும் பாவம், உப்புப் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவதுபோல நடிப்பாள். ஐவி சிமெந்துத் தரையில் சுண்ணாம்பால் கட்டம் கீறி, சைபரிலிருந்து ஒன்பதுவரை இலக்கம் எழுதி, கூப்பிடுகிற இலக்கத்தில் குதிக்க வைத்தாள். காலையில் அவரவர் நிழலைச் சுற்றிக் கரியால் கோடு போட்டாள். மத்தியானம் நிழல் குறுகிப் போனதைப் பார்த்து, யாரோ தன் நிழலைத் திருடிவிட்டார்கள் என்று ஒருவன் ஓவென்று அழுதான். அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டே சூரியன் நடக்கிற கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நாலாம் நாள், ஒரு கம்பின் இரண்டு பக்கமும் யோகட் கப்பைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டாள். எது பாரம், எது லேசு என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணில் தராசு பட்டால் சும்மா இருப்பார்களா? அரை மணி நேரத்தில் அந்த மரத்தடி கொழுந்து நிறுக்கிற மடுவமாகிவிட்டது. ஆளுக்கொரு ஷொப்பிங் பையில் கொய்யா இலையை ஆய்ந்து நிரப்பிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஐவிக்குச் சுருக்கென்றது. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த வரிசையில் முதலாவதாக நின்ற யதுர்ஷியின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை. கொய்யா இலை தேயிலையாகுமா என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவளே கணக்கப்பிள்ளை ஆனாள். நிஷாந்தியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

எட்டாம் நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தராசுக் கயிறு அறுந்தது. யதுர்ஷியின் முறை வந்த நேரம் பார்த்து.

"அறுந்துருச்சு பிள்ளைங்களா. இன்னைக்குப் போதும், நாளைக்கு நிறுத்துக்குவோம். வாங்க, கை கழுவுங்க" என்றாள் ஐவி.

அதுதான் அவள் செய்த தவறு. ஆய்ந்த கொழுந்தை நாளைக்கு நிறுப்பதா? இப்படி ஒரு பேச்சை அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும் எடுத்த கொழுந்து அந்த வேளையே தராசுக்குப் போக வேண்டும், வாடினால் குப்பைதான். மற்றப் பிள்ளைகள் சோற்று நினைப்பில் பைகளைக் கொட்டிவிட்டு ஓடினார்கள். யதுர்ஷி கொட்டவில்லை.

தண்ணீர்க் குழாய் கேட்டுக்கு வெளியே இருந்தது. கை கழுவி உள்ளே வந்தவர்களை ஐவி எண்ணினாள். பதினெட்டு. திரும்ப எண்ணினாள். பதினெட்டு.

"ஆயாம்மா, யதுர்ஷி எங்க?"

"ஒங்க பின்னாலதானே நின்னுச்சு!"

மீனம்மாவைப் பிள்ளைகளோடு உள்ளே விட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டு ஐவி தேடினாள். கக்கூசில் பார்த்தாள், தண்ணீர் ஓடுகிற கானில் பார்த்தாள், காம்பராவின் பின்னால் வெட்டிப் போட்ட விறகுக் குவியலுக்குள் பார்த்தாள். கீழே லொறி ரோட்டு, அதற்கும் கீழே பளபளவென்று நீர்த்தேக்கம். மேலே போனால் போன மாதம் மூன்று பேரைக் குளவி கொட்டிய மலை. எந்தப் பக்கம் ஓடுவது? அந்தோனியாரே, அந்தோனியாரே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. இன்னும் கால் மணி நேரத்தில் நிஷாந்தி வந்து, பிள்ளை எங்கே என்று கேட்பாள். அவள் வந்து கேட்கும்வரை நிற்கக் கூடாது, நானே போய்ச் சொல்லிவிட வேண்டும், தேடுவதற்கு அங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று ஐவிக்குத் தோன்றியது. கொழுந்து மடுவம் ரோட்டில் இரண்டு வளைவு தாண்டி இருந்தது. ஓடினாள். முதல் வளைவில் ஒரு செருப்பு போனது, இரண்டாவதில் மற்றது. கேட்டும் போகட்டும், வேலையும் போகட்டும், அந்தப் பிள்ளை மட்டும் கிடைத்தால் போதும் என்று அழுதுகொண்டே ஓடினாள்.

மடுவத்தில் பெண்கள் கொழுந்துப் பைகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ஐவி வாயைத் திறந்தாள்.

வரிசையில் நாலாவது ஆளாக, இரண்டு பெரிய பைகளுக்கு நடுவில், தன் ஷொப்பிங் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யதுர்ஷி நின்றிருந்தாள். முன்னால் போகவும் இல்லை, பின்னால் நின்றவர்களை முந்த விடவும் இல்லை.

ஐவி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க டீச்சர், நீங்கதானே அனுப்புனீங்க? டீச்சர் தராசு அறுந்துருச்சுன்னு புள்ள சொல்லுச்சே!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற பெண்கள் ஐவியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் தூரத்து மலையிலிருந்து கடைசியாக இறங்கிய நிஷாந்தி, முதுகில் பையோடு வந்து சேர்ந்தாள். மகளைப் பார்த்தாள், அவள் கையில் இருந்த பையைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த டீச்சரையும் பார்த்தாள்.

ஐவி எழுந்தாள். மழுப்பிச் சொல்ல வழி இருந்தது. அவள் மழுப்பவில்லை. "நான் அனுப்பல நிஷாந்தி. எனக்குத் தெரியாமப் போயிருச்சு. கை கழுவுற நேரம் நான்தான் பாக்காம விட்டுட்டேன். நீங்க வேணாம்னு சொன்ன வெளையாட்டத்தான் நாலு நாளா வெளையாடுறோம். சத்தியம் பண்ணிட்டு மறைச்சுட்டேன்."

நிஷாந்தி பையை இறக்கி வைத்துவிட்டு மகளை வாரித் தூக்கிக்கொண்டாள். கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். அப்புறம் பிடித்தாளே ஒரு பிடி! "லொறி வந்திருந்தா என்ன டீச்சர் பண்ணியிருப்பீங்க? நான் ஒன்னே ஒன்னுதானே கேட்டேன்? அந்த ஒன்னக்கூட ஒங்களால செய்ய முடியலயா?" ஊரே பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டாள் ஐவி. ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. பிள்ளை உயிரோடு எதிரில் இருக்கும்போது திட்டு வாங்குவது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுவில் யதுர்ஷி இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். "அம்மா, என் வரிச போயிரும்" என்றாள்.

கணக்கப்பிள்ளை மேர்வின் நல்ல மனுஷன், முசுடு மாதிரிப் பேசுவாரே தவிர. "அடுத்த ஆள்!" என்று கூப்பிட்டு, அந்தப் பையை வாங்கி மின்தராசின் கொக்கியில் மாட்டினார். சிவப்பு இலக்கம் எரிந்தது.

யதுர்ஷி தலையை அண்ணாந்து, தரைக் கட்டத்தில் குதிக்கிற அதே ராகத்தில் படித்தாள். "சைபர், புள்ளி, ரெண்டு!"

"அடேங்கப்பா!" என்றார் மேர்வின். பெண்கள் கைதட்டினார்கள். நிஷாந்தி மட்டும் தட்டவில்லை.

வரிசை நகர்ந்தது. நிஷாந்தியின் பை கொக்கியில் ஏறியது. மேர்வின் வழக்கம்போல அண்ணாந்து பார்த்து, வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னார். "நிஷாந்தி, பதினஞ்சு!"

"இல்ல" என்றாள் யதுர்ஷி. "ஒன்னு, எட்டு, புள்ளி, சைபர்."

எழுதப் போன மேர்வினின் கை நின்றது.

"அது பாப்பா... பைக்கும் தண்ணிக்கும் கழிக்கிறது" என்றார் மேர்வின்.

நிஷாந்தி மெதுவாகத் திரும்பித் தராசைப் பார்த்தாள். பதினெட்டு என்றுதான் இருந்தது. பிறகு வானத்தைப் பார்த்தாள். ஒன்பது நாளாகக் காய்கிற வெயில். "பைக்கு ஒரு கிலோ சரிங்க ஐயா. தண்ணி எங்கங்க ஐயா?" என்று கேட்டாள்.

மேர்வின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மழைக்காலத்தில் கழித்த பழக்கம், வெயிலிலும் கை தானாகக் கழித்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்டதில்லை, அவரும் நினைத்ததில்லை. "சரி, பதினேழு" என்று திருத்தி எழுதினார். அடுத்து நின்றவள், "தராச வரிசப் பக்கம் திருப்பி வைங்க ஐயா, நாங்களும் பாக்குறோம்" என்றாள். அவர் திருப்பி வைத்தார்.

காம்பராவுக்கு மூன்று பேரும் சேர்ந்தே திரும்பினார்கள். வெறுங்காலோடு நடந்த ஐவி, ஆபீசுக்கு என்ன எழுதுவது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். நிஷாந்தி சொல்லாவிட்டாலும் தானே சொல்லிவிட வேண்டும், பூட்டு விழுந்தால் விழட்டும். இரண்டாவது வளைவில் நிஷாந்தி நின்றாள்.

"டீச்சர், எனக்கும் இலக்கம் வாசிக்கத் தெரியும். ஒம்பதாம் ஆண்டுவர படிச்சவ. பதினோரு வருசமா அந்தத் தராசுக்குக் கீழ நிக்கிறேன். ஒரு நாளாச்சும் தலைய நிமித்திப் பாக்கத் தோணல."

அவள் குரல் உடைந்தது. யதுர்ஷி காலிப் பையை ஊதிப் பெருக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"ஆபீசுல நானும் வந்து பேசுறேன். நாளைக்கிலேருந்து கை கழுவுற நேரம், நாங்க ஆளுக்கொரு நாளா முன்னாடியே வந்து கேட்டுல நிக்கிறோம்" என்றாள் நிஷாந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வெளிய விடுங்க டீச்சர். எதையும் வெளையாடட்டும்."

நடுரோட்டில் நின்று ஐவி டீச்சர் விக்கி விக்கி அழுதாள். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த யதுர்ஷி, அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதீங்க டீச்சர். கொஞ்சம் இப்படி வாங்க, மூக்கத் தொடைப்போம்."